திரும்ப எடுக்க முடியாததை லைவில் சோதிக்காதீர்கள்

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இதுதான். ஆறு பேர் கொண்ட ஒரு குழு, கடைக்காரர்கள் பில் போடவும் வாடிக்கையாளர்கள் பணம் கட்டவும் ஓர் ஆப் நடத்துகிறது. கடைக்காரர்கள் உண்மையில் பயன்படுத்தும் 'லைவ்' சர்வருக்குப் போகும் முன் மாற்றங்களைச் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வருக்கு மாதாமாதம் காசு போகிறது. அதை ஒழுங்காக வைத்திருக்க ஒருவருடைய பாதி நேரமும் போகிறது. "ஸ்டேஜிங்கை மூடிவிடலாம், நேராக லைவிலேயே சோதிக்கலாம், பெரிய கம்பெனிகள் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன" என்கிறார் டீம் லீட். டெஸ்டிங் பார்ப்பவரோ லைவ் பக்கம் கையே வைக்கக் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி, லீட்டிடம் எப்படிப் பேசுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஜிங்கை மூடாதீர்கள். அதே சமயம், லைவில் சோதிப்பதைத் தவிர்க்கவும் உங்களால் முடியாது. இப்போதே ஒவ்வொரு ரிலீஸிலும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். புது கோடு (நிரல்) முதல்முறையாக உண்மையான கடைக்காரர் கையில் போகும் அந்த நிமிடம் ஒரு சோதனைதான். யாரும் அருகில் நின்று பார்க்காததால் அதற்குச் சோதனை என்று பெயர் வரவில்லை.

எதை ஸ்டேஜிங்கில் பார்ப்பது, எதை லைவில் பார்ப்பது என்று பிரிக்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது தப்பாகப் போனால் திரும்ப எடுக்க முடியுமா? ஒரு பக்கத்தின் அமைப்பை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். அனுப்பிய எஸ்.எம்.எஸ்ஸைத் திரும்ப வாங்க முடியாது. தவறான கணக்குக்குப் போன பணத்தைத் துரத்திப் பிடிக்க நாட்கள் ஆகும். டேட்டாபேஸில் அழித்த டேபிள் (தரவு அட்டவணை) அழிந்ததுதான். பதினாறு வருடமாக ரிலீஸ் வேலை பார்க்கிறேன். பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்ற வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

முதலில் லீட் சொல்வதில் உள்ள உண்மையைச் சொல்கிறேன். ஸ்டேஜிங் பல விஷயங்களில் நம்மை ஏமாற்றும்.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் பதிவுப் படிவம் ஒன்று செய்தோம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று ஒரு விதி போட்டிருந்தோம். ஸ்டேஜிங்கில் இருந்த பெயர்கள் எல்லாம் 'டெஸ்ட் யூசர்', 'ஜான் டோ' வகை. எல்லாச் சோதனையும் பச்சை. லைவுக்குப் போன முதல் நாளே மதுரைப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். அவருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை இன்ஷியலாகப் போட்டால் சிவப்பில் எச்சரிக்கை வருகிறது. வேறு வழியில்லாமல் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதி உள்ளே போயிருக்கிறார். அப்புறம் அந்த இரட்டைப் பெயர் வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு பொருந்தாமல், அவருக்கு வரவேண்டிய பணம் நின்றுவிட்டது. எங்கள் குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் இன்ஷியல்தான். ஆனாலும் எங்கள் பெயரை நாங்கள் யாரும் அந்தப் படிவத்தில் போட்டுப் பார்க்கவில்லை. ஸ்டேஜிங்கில் நாம் நினைத்துப் பார்த்ததை மட்டுமே சோதிக்க முடியும் என்பதை அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

எஸ்.எம்.எஸ்ஸும் இதே மாதிரிதான். ஆங்கிலத்தில் ஒரு செய்தி 160 எழுத்து வரை ஒரே எஸ்.எம்.எஸ்ஸாகப் போகும். தமிழில் எழுதினால் அந்த அளவு 70. அதற்கு மேல் போனால் 67, 67 எழுத்தாக உடைத்து அனுப்பப்படும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, அங்கே கணக்கில் இரண்டு. ஆங்கில வாசகத்தை வைத்துச் சோதித்துவிட்டு லைவில் தமிழை இயக்கினால், ஒன்றாகப் போனது மூன்றாகப் போகும். பில் வரும்போதுதான் தெரியும். இன்னொன்று, நம் நாட்டில் வணிகச் செய்திகளின் வாசகத்தை டி.எல்.டி. எனும் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த வாசகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் செய்தி வழியிலேயே தடுக்கப்படும். ஸ்டேஜிங்கில் நாம் வைத்திருப்பதோ, செய்தியை அனுப்பிவைக்கும் கேட்வேக்குப் பதிலாக ஒரு போலி கேட்வே. எதை அனுப்பினாலும் 'வெற்றி' என்றுதான் பதில் சொல்லும். யாரோ வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றுகிறார்கள், ஸ்டேஜிங் சிரித்த முகமாக இருக்கிறது, லைவில் ஓ.டி.பி. போகவில்லை.

கூட்டத்தையும் ஸ்டேஜிங்கில் உண்டாக்க முடியாது. தட்கால் முன்பதிவு திறக்கும் காலை 10 மணியை எந்த ஸ்கிரிப்ட்டாலும் அப்படியே நடித்துக்காட்ட முடியாது. உங்கள் ஆப்பில் அது தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலையாக இருக்கும்.

இது எல்லாம் லீட் பக்கம். ஆனால் இதிலிருந்து "அப்போ ஸ்டேஜிங்கே வேண்டாம்" என்று தாண்டுவதை என்னால் ஏற்க முடியாது. காரணத்தை ஒரு மாதக் கடைசி நாளை வைத்துச் சொல்கிறேன்.

சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்த காலம். ஒரு டேபிளில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். ஸ்டேஜிங்கில் அந்த டேபிளில் 12,000 வரிசைகள். 2 விநாடியில் முடிந்தது. லைவில் அதே டேபிளில் 2 கோடிக்கு மேல். 'சின்ன மாற்றம்தானே' என்று காலை 10.40க்கு ஓட்டினோம். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான பழைய பதிப்பு மைஎஸ்க்யூஎல் மொத்த டேபிளையும் வேறொரு டேபிளாகப் படி எடுத்து எழுதத் தொடங்கியது. அது முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எதையும் எழுத முடியாது. முதல் நிமிடம் யாரும் கவலைப்படவில்லை. ஐந்தாவது நிமிடம் கனெக்‌ஷன்கள் எல்லாம் நிரம்பி, லாகின் பக்கமே திறக்காமல் போனது. பத்தாவது நிமிடம் மேஜையில் இருந்த மூன்று போன்களும் அடித்தன. திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்ட எதுவும் இல்லை. பாதியில் நிறுத்திவிடலாமா என்று ஒருவர் கேட்டார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஸ்டேஜிங்கில் 2 விநாடியில் முடிந்த வேலையை நடுவில் நிறுத்திப் பார்க்க எங்களுக்கு வாய்ப்பே கிடைத்திருக்கவில்லை. கடைசியில் 47 நிமிடம் காத்திருந்தோம். அன்று சம்பளம் போட வேண்டிய கம்பெனிகளின் கணக்காளர்கள் அத்தனை பேரும் எங்களோடு காத்திருந்தார்கள்.

அன்றைக்கு எங்களிடம் ஸ்டேஜிங் இருந்தது. லைவின் அளவில் இல்லை, அதுதான் குறை. லைவின் டேட்டா முழுவதையும் ஓர் இரவு ஏற்றி ஓட்டிப் பார்த்திருந்தால் 47 நிமிடம் என்ற கணக்கு முந்தைய நாளே தெரிந்திருக்கும். லைவில் நேராகச் சோதிப்போம் என்ற கொள்கையும் எங்களைக் காப்பாற்றியிருக்காது. பார்க்கப்போனால் நாங்கள் செய்தது அதைத்தான்.

இதே விஷயம் பெரிய அளவில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கியில் நடந்தது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு ஒரே மூச்சில் மாற்றினார்கள். திங்கள்கிழமை லட்சக்கணக்கானோரால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. நிலைமை முழுதாகச் சீராக அந்த வருடம் டிசம்பர் ஆனது. பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயத்தை நான் மறப்பதில்லை: லைவில் வேலை செய்யவிருந்தவை இரண்டு டேட்டா சென்டர்கள், சுமையைத் தாங்குமா என்ற சோதனை நடந்தது அதில் ஒன்றில் மட்டும். 2022இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

சரி, பெரிய கம்பெனிகள் லைவில் சோதிக்கின்றன என்பது உண்மையா? உண்மை. ஆனால் அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

2008இல் ஃபேஸ்புக் சாட் வசதியைத் திறப்பதற்கு முன், பயனர்கள் வழக்கமாகத் திறக்கும் பக்கங்களையே சாட் சர்வர்களோடு மறைமுகமாகப் பேச வைத்தார்கள். பயனருக்குத் திரையில் எதுவும் தெரியாது. பின்னால் சர்வர்கள் கோடிக்கணக்கானோரின் சுமையைச் சுமந்து பழகிக்கொண்டிருந்தன. அந்தச் சோதனை தப்பாகப் போயிருந்தாலும் நிறுத்திவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் இழப்பில்லை. கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப், பலர் எழுதிய கோடை ஒன்றாக்கும் 'மெர்ஜ்' பகுதியை மாற்றி எழுதியபோது, ஒரே வேலையைப் பழைய வழியிலும் புதிய வழியிலும் செய்து, இரண்டு விடையையும் ஒப்பிட்டது. பயனருக்குப் போனது எப்போதும் பழைய விடை மட்டும். முதலில் நூற்றில் ஒரு கோரிக்கைக்கு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. அந்த ஒப்பீட்டில் புதிய கோடில் இருந்த பிழைகளோடு பழைய வழியிலேயே இருந்த பிழையும் வெளிவந்தது. நெட்ஃபிளிக்ஸின் கேயாஸ் மங்கி லைவ் சர்வர்களை வேண்டுமென்றே ஆங்காங்கே நிறுத்திப் பார்க்கும் கருவி. வேலை நாளில், அலுவலக நேரத்தில், சரிசெய்ய ஆட்கள் மேஜையில் இருக்கும்போது மட்டும் அதை ஓடவிட்டார்கள்.

மூன்றிலும் ஒரே ஒழுங்குதான். அடிபட்டால் எத்தனை பேர் அடிபடுவார்கள் என்பதை முதலிலேயே அளந்துவிடுகிறார்கள். திரும்பி வரும் வழியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். உங்கள் லீட் பார்த்தது இந்த ஏற்பாட்டின் கடைசிக் காட்சியை மட்டும்.

லைவில் சோதிப்பதை ஒழுங்காகச் செய்யும் ஒரு முறை நம் ஊரிலேயே இருக்கிறது, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். வாக்குப்பதிவு நாளன்று காலை, வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். அதே வாக்குச்சாவடி, அன்று உண்மையான வாக்குகளை வாங்கப்போகும் அதே இயந்திரம். கட்சி முகவர்கள் கண் முன்னால் குறைந்தது 50 வாக்குகள் போட்டு, முடிவை எடுத்து, யாருக்கு வாக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிடுவார்கள். அப்புறம் மிக முக்கியமான வேலை: அந்த வாக்குகளை இயந்திரத்திலிருந்து நீக்க வேண்டும், சீட்டுகளில் மாதிரி என்று முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு மூட வேண்டும், முகவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் முதல் வாக்காளர் உள்ளே வருவார். மாதிரி வாக்குகளை நீக்க மறந்துவிட்டு, எண்ணும்போது கணக்கு இடித்த சாவடிகளும் உண்டு. லைவில் போடும் சோதனைத் தரவு உண்மைக் கணக்கில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அந்த இயந்திரங்கள் அன்று காலைதான் முதல்முறை சோதிக்கப்படுவதும் இல்லை. கிடங்கில் இருக்கும்போதே பொறியாளர்கள் ஒரு சுற்று பார்த்து முடித்திருப்பார்கள். ஸ்டேஜிங்கும் உண்டு, லைவும் உண்டு.

இந்த ஒழுங்கு இல்லாமல் லைவில் போனால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேப்பிடல் கதையைத்தான் என் குழுவில் புதிதாகச் சேரும் எல்லாருக்கும் சொல்வேன். அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய கோடை இயக்க வேண்டும். சர்வர்கள் எட்டு. புதிய கோடை ஏற்றியவர் ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. புதிய வசதியை இயக்க ஒரு பழைய ஃபிளாகை (கோடின் ஒரு பகுதியை இயக்கவோ நிறுத்தவோ உதவும் சுவிட்சை) மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். பல வருடங்களாகப் பயன்படுத்தாத, ஆனால் அழிக்காமல் விட்ட ஒரு பழைய கோடை இயக்கிக்கொண்டிருந்த ஃபிளாக் அது. சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்தன. எட்டாவதில் பழைய கோடு விழித்துக்கொண்டு ஆர்டர் மேல் ஆர்டராக அனுப்பத் தொடங்கியது. 45 நிமிடத்தில் 40 லட்சம் பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதில் இரண்டு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்தப் பழைய கோடின் பெயரைச் சொல்லி 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை உடனே பார்க்க வேண்டிய அலர்ட் என்று அமைக்கப்படாததால் யாரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. இரண்டாவது, பிரச்சினை தெரிந்ததும் புதிய கோடுதான் காரணம் என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். ஃபிளாக் இன்னும் இயக்கத்தில் இருந்ததால் அந்த ஏழிலும் பழைய கோடு ஓடத் தொடங்கியது. ரோல்பேக் செய்ததே, அதாவது பழைய கோடுக்குத் திரும்பியதே நிலைமையை மோசமாக்கியது. "எங்களிடம் ரோல்பேக் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "கடைசியாக எப்போது செய்து பார்த்தீர்கள்?" என்று நான் உடனே கேட்பது இதனால்தான். அடுத்த வருடமே அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

2024 ஜூலை 19இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரௌட்ஸ்டிரைக் அனுப்பிய அப்டேட் இன்னொரு வகை. சோதனைக் கருவி இருந்தது, அந்தக் கருவியிலேயே பிழை இருந்தது. கோப்பு அதன் வழியே நழுவிப்போனது. அது நடக்கும், எந்தச் சோதனையிலும் ஓட்டை உண்டு. ஆனால் அந்தக் கோப்பை முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பி அரை மணி நேரம் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே நின்றிருக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. விழுந்த கணினி மறுபடி எழும்ப முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது அன்றுதான். அப்டேட்டைத் திரும்பப் பெறுவதும் பாதிப்பைத் திரும்ப எடுப்பதும் வேறு வேறு என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

ஸ்டேஜிங்குக்கு நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்பதற்கு இன்னொரு சம்பவம். கிட்ஹப் போலவே கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப், 2017 ஜனவரி 31 இரவு. இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள், ஒன்று முதன்மை, ஒன்று நகல். நகல் பின்தங்கிவிட்டது, அதைக் காலி செய்து புதிதாகத் தொடங்கலாம் என்று களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் டேட்டா அடைவை அழிக்கும் கட்டளையை அடித்தார். அடித்தது முதன்மையில். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. தினசரி பேக்கப்பைத் தேடினால், பதிப்பு பொருந்தாததால் அது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சலும் வழியில் நிராகரிக்கப்பட்டிருந்தது. வைத்திருந்த மற்ற வழிகளும் ஒவ்வொரு காரணத்தால் கைகொடுக்கவில்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஸ்டேஜிங்குக்கு எடுத்திருந்த ஒரு படி. ஸ்டேஜிங் சர்வரின் வட்டுகள் மெதுவானவை என்பதால் அதைத் திரும்பக் கொண்டுவரவே பல மணி நேரம் பிடித்தது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அந்த ஸ்டேஜிங் படி இல்லாவிட்டால் இழப்பு ஒரு நாளாகவோ அதற்கு மேலாகவோ இருந்திருக்கும். மீட்பு வேலை முழுவதையும் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், பின்னர் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். அதனால்தான் இன்று நாம் அதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

உங்கள் ஆறு பேருக்கு வருகிறேன்.

ஸ்டேஜிங்கின் செலவைக் குறையுங்கள், ஸ்டேஜிங்கை விட்டுவிடாதீர்கள். இரவிலும் வார இறுதியிலும் அதை அணைத்து வைக்கலாம். சின்ன சர்வரே போதும். மாதம் ஒருமுறை மட்டும், லைவ் பேக்கப்பை முழுதாகத் திறந்து ஒரு பெரிய சர்வரில் ஏற்றி, அடுத்து வரும் டேட்டாபேஸ் மாற்றங்களை அதில் ஓட்டி எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் அந்த சர்வரை அழித்துவிடலாம். உங்கள் பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

லைவ் தரவை அப்படியே ஸ்டேஜிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பெயர், போன் எண், மின்னஞ்சல் எல்லாம் மாற்றப்பட்ட பிறகே அது உள்ளே வர வேண்டும். 2023ஆம் வருடத்து தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது: உண்மையான எண் இருந்தால் என்றாவது ஒருநாள் ஸ்டேஜிங்கிலிருந்து உண்மையான வாடிக்கையாளருக்குச் செய்தி போகும். 2021 ஜூனில் எச்.பி.ஓ. மேக்ஸ் என்ற வீடியோ தளத்திலிருந்து ஏராளமான சந்தாதாரர்களுக்கு ஒரு சோதனை மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது, யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. 2023இல் நம் போன்களில் திடீரென்று அலறிய அவசர எச்சரிக்கையும் சோதனைதான். ஆனால் 'இது மாதிரிச் சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம்' என்று அதிலேயே எழுதியிருந்தது, முன்கூட்டியே அறிவிப்பும் வந்திருந்தது. உண்மையான மக்களைத் தொடும் சோதனை என்றால் அப்படிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஆனால் லைவ் தரவை இப்படி மாற்றும்போது பெயர்களை 'யூசர் 1', 'யூசர் 2' என்று ஆக்கிவிடாதீர்கள். ஒற்றை இன்ஷியல், மூன்று இன்ஷியல், புள்ளி வைத்தது, வைக்காதது, தமிழில் எழுதியது எல்லாம் அப்படியே இருக்கட்டும். மதுரைக் கடைக்காரரை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டேட்டாபேஸ் மாற்றங்களை இரண்டு மூன்று அடியாகப் பிரியுங்கள். முதல் ரிலீஸில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது மட்டும். அடுத்ததில் பழையது, புதியது இரண்டிலும் எழுதுவது. இரண்டு வாரம் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியான பிறகு பழையதை நீக்குவது. ஒவ்வொரு அடியிலும் பின்னால் வர வழி இருக்கும்.

புதிய வசதியைத் திறக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேபிளில் கடைக்கு ஒரு வரிசை, அதில் இயக்கம் அல்லது நிறுத்தம், அவ்வளவு போதும். முதலில் உங்கள் சொந்தச் சோதனைக் கடைக்கு. அப்புறம் போன் செய்து பேசக்கூடிய, நல்ல உறவில் உள்ள ஐந்து கடைகளுக்கு. அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கோபப்பட மாட்டார்கள், பலர் உங்களைவிட நுணுக்கமாகப் பார்ப்பார்கள். இரண்டு நாள் அமைதியாக ஓடினால் பத்தில் ஒரு பங்கு, அப்புறம் மற்றவர்கள். எல்லாருக்கும் திறந்து ஒரு மாதம் ஆனதும் அந்த ஃபிளாகையும் பழைய கோடையும் அழித்துவிடுங்கள். ஃபிளாகின் பெயரை இன்னொரு வசதிக்கு மறுபடி பயன்படுத்தவே கூடாது.

பணம் கட்டும் பகுதியில் மட்டும் லைவில் சோதிப்பதை நான் கட்டாயமாக்குவேன். பேமென்ட் கேட்வேயின் சோதனைச் சூழல் நல்ல பிள்ளை, உண்மையான வங்கிகள் அப்படி இல்லை. ஒவ்வொரு ரிலீஸ் முடிந்ததும் உங்களில் ஒருவர் சொந்த யு.பி.ஐ.யிலிருந்து 1 ரூபாய் கட்டுங்கள். பில் வந்ததா, கடைக்காரர் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல் அந்த 1 ரூபாயைத் திருப்பிச் செலுத்தி, அது திரும்பி வந்ததா என்றும் பாருங்கள். திருப்பிச் செலுத்தும் வழியைப் பெரும்பாலான குழுக்கள் சோதிப்பதே இல்லை. அந்தச் சோதனைக் கடைக்கு டேபிளில் தனி அடையாளம் கொடுத்து, விற்பனை அறிக்கை எதிலும் வராமல் செய்துவிடுங்கள், மாதிரி வாக்குகளைப் போல.

ரிலீஸுக்குப் பிறகு எதைப் பார்ப்பது என்பதும் முக்கியம். சர்வரின் சி.பி.யு. எத்தனை சதவீதம் என்பதைக் காட்டும் படத்தைவிட, கடந்த பத்து நிமிடத்தில் எத்தனை பணப்பரிமாற்றம் வெற்றியானது என்ற ஓர் எண் உங்களுக்கு அதிகம் சொல்லும். போன வாரம் இதே நேரம் 140, இன்று 60 என்றால் எங்கோ ஏதோ உடைந்திருக்கிறது. அந்த எண் விழுந்தால் ஒருவருடைய போன் அடிக்க வேண்டும். மின்னஞ்சல் போதாது, 97 மின்னஞ்சல்களை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் கேட்காமல் ஃபிளாகை அணைக்கும் உரிமை ஆறு பேருக்கும் இருக்க வேண்டும். ரிலீஸை செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கடைகளில் கூட்டம் ஏறும் நேரம், உங்கள் ஆட்கள் ஊருக்குப் பஸ் ஏறும் நேரம்.

லீட்டிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். கொள்கை அளவில் வாதம் செய்ய வேண்டாம். அடுத்த ரிலீஸில் உள்ள மாற்றங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'திரும்ப எடுக்க முடியும்' அல்லது 'முடியாது' என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். 'முடியும்' என்றால் எத்தனை நிமிடத்தில், யார் செய்வார் என்றும் எழுதட்டும். அப்படி எழுதியவை ஃபிளாக் போட்டு நேராக ஐந்து கடைகளுக்குப் போகலாம், நான் தடுக்க மாட்டேன். 'முடியாது' பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை என்றால் ஸ்டேஜிங்கை மூடுவது பற்றி அவருடன் பேசலாம். பில்லும் பணமும் ஓடும் ஆப்பில் அப்படி ஒரு தாளை நான் இதுவரை பார்த்ததில்லை.